ஐத்திகு எங்கள் ஆள்

பைபிளில் என் வயதுக்காரர்களுக்கு இடம் ஒதுக்கவில்லை. நாலு சுவிசேஷத்தையும் புரட்டிப் பார்த்தாயிற்று. மாட்டுத்தொழுவம் இருக்கிறது, நட்சத்திரம் பார்த்து வந்த சாஸ்திரிகள் இருக்கிறார்கள், ராத்திரியோடு ராத்திரியாக எகிப்துக்குப் போனது இருக்கிறது. லூக்கா மட்டும் போனால் போகிறதென்று 12 வயதில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதுகிறார். அதற்கப்புறம் இயேசுவைப் பார்க்கும்போது அவருக்கு ஏறக்குறைய 30 வயது. நடுவில் 18 வருஷம் காணோம். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, கல்லூரி, முதல் வேலை, 'எப்போ கல்யாணம்' என்று சொந்தக்காரர்கள் துளைக்கிற காலம், எல்லாம் அதற்குள் அடக்கம்.

சபை ஏற்றுக்கொள்ளாத பழைய நூல் ஒன்று தோமாவின் பெயரில் உலவுகிறது. அதில் ஐந்து வயது இயேசு களிமண்ணில் குருவி செய்து, கைதட்டிப் பறக்கவிடுகிறார். அந்த நூலும் 12 வயதோடு முடிந்துவிடுகிறது. கதை கட்டுகிறவருக்கே டீனேஜ் பிள்ளையைப் பற்றி எழுதத் துணிச்சல் வரவில்லை என்றால் எங்கள் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 12 வயதுச் சம்பவம் எனக்குப் பிடிக்கும். பஸ்கா பண்டிகைக்கு எருசலேம் போய்விட்டு ஊர்க்கூட்டத்தோடு திரும்புகிறார்கள். ஒரு நாள் நடந்த பிறகுதான் பிள்ளையைக் காணோம் என்று யோசேப்புக்கும் மரியாளுக்கும் தெரிகிறது. திரும்பி ஓடி, மூன்று நாள் கழித்துக் கண்டுபிடித்தால், தேவாலயத்தில் பெரிய பெரிய போதகர்கள் நடுவில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார். எங்களுக்கு ஏன் இப்படிச் செய்தாய் என்று மரியாள் கேட்டது எந்த அம்மாவும் கேட்பதுதான். என்னை ஏன் தேடினீர்கள் என்று திருப்பிக் கேட்டதும் எந்தப் பிள்ளையும் கேட்பதுதான். அதற்கு அடி விழுந்ததாக லூக்கா எழுதவில்லை. டியூஷன் முடிந்து முக்கால் மணி நேரம் தாமதமாக வந்த ஒரு நாள் நானும் அதே பதிலைச் சொல்லிப் பார்த்தேன். அதன்பின் நடந்ததை லூக்காவைப் போலவே நானும் எழுதாமல் விடுகிறேன்.

இளைஞர்களுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால் பிரசங்கிமார் யோசேப்பைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். மரியாளின் யோசேப்பு அல்ல, பலவர்ண அங்கி போட்ட பழைய யோசேப்பு. அவருக்கு 17 வயது என்று ஆதியாகமம் கணக்காகச் சொல்கிறது, என் வயதுதான். அந்த வயதில் அவர் செய்ததாக எழுதியிருக்கும் முதல் காரியம், அண்ணன்மாரின் சேட்டையை அப்பாவிடம் போட்டுக்கொடுத்தது. அடுத்தது, நீங்களெல்லாம் என் காலில் விழப்போகிறீர்கள் என்கிற அர்த்தம் வருகிற கனவைக் கண்டு அதை அவர்களிடமே சொன்னது. குழியில் தள்ளிவிட்டார்கள். எங்கள் வகுப்பிலும் தள்ளியிருப்போம்.

எங்கள் ஊர் நாசரேத்துக்கும் மெஞ்ஞானபுரத்துக்கும் நடுவில், தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. பனை, செம்மண் தேரி, கோயில், மறுபடியும் பனை. நாங்கள் கோயில் என்றால் சர்ச். ஐயர் என்றால் பாதிரியார். வெளியூர்த் தோழி ஒருத்தி 'உங்க ஐயர் கறி சாப்பிடுவாரா?' என்று கேட்டுவிட்டு, கிடைத்த பதிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இந்தப் பக்கம் பஸ் போர்டிலேயே பாதி வேதம் வந்துவிடும்: நாசரேத், பிரகாசபுரம், கிறிஸ்தியாநகரம். இயேசு வளர்ந்த ஊருக்கு நான் திருச்செந்தூர் ரயிலிலேயே போய் இறங்கலாம். மதம் மாறியதற்காக அடிபட்டு விரட்டப்பட்டவர்களைக் கூட்டிவந்து, 1799இல் டேவிட் சுந்தரானந்தம் குடியேற்றிய ஊர் முதலூர். இன்று அந்தப் பெயரைச் சொன்னால் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டுகிற மஸ்கோத் அல்வா. உபத்திரவத்தில் ஆரம்பித்த ஊரை அல்வாவில் கொண்டுவந்து நிறுத்தியவருக்கு நகைச்சுவை உணர்ச்சி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இடையன்குடிக் கோயிலைக் கால்டுவெல் 1847இல் தொடங்கி 1880இல்தான் பிரதிஷ்டை செய்தார். அந்தப் பொறுமை எங்கள் பிரசங்கிகளுக்கு வாரிசுரிமையாக வந்திருக்கிறது.

நம்பிக்கை என்று நான் சொல்வது முக்கால்வாசி வீட்டுக்குள் நடப்பது. இரவு ஒன்பது மணிக்குக் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், அப்புறம் ஆளுக்கொரு ஜெபம். கீர்த்தனையைப் பாட்டி ஒரு சுதியில் எடுப்பாள், அப்பா வேறொரு சுதியில் போய்ச் சேருவார், தம்பி தூக்கத்தில் கலந்துகொள்வான். இதெல்லாம் முன்னுரை. ஜெபத்தில்தான் விஷயம் இருக்கிறது.

பாட்டியின் ஜெபம் எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து புறப்பட்டு, சென்னை அத்தை வீட்டில் இறங்கி, மும்பை சித்தப்பாவைப் பார்த்துவிட்டு, அங்கிருந்து துபாய் போகும். ஒவ்வொரு வீட்டிலும் யாருக்குச் சளி, யாருக்கு வேலை போயிற்று, யாருடைய விசா எந்த மாதம் முடிகிறது, எல்லாம் வந்துவிடும். ஆண்டவருக்கு விசா தேதியை ஞாபகப்படுத்த வேண்டியதில்லைதான். ஆனால் சித்தி உண்டாகியிருக்கிறாள் என்பது எனக்கும் தம்பிக்கும் தெரிய வந்தது அந்த ஜெபத்தில்தான். யாரும் எங்களுக்கு நேராகச் சொல்லவில்லை. 'வயித்துல இருக்க பிள்ளைய நல்லபடியா' என்று பாட்டி ஆரம்பித்ததும், மூடியிருக்க வேண்டிய நாலு கண்களும் திறந்துகொண்டன.

அம்மாவின் ஜெபம் வேறு வகை. அம்மாவுக்கு என்னை நேராகத் திட்டப் பிடிக்காது. ஆண்டவர் வழியாகத் திட்டுவாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ள ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் போர்வைக்குள்ள போனை வச்சிக்கிட்டு முழிச்சிருக்கது உமக்குத் தெரியும்" என்று ஒரு நாள் ஆரம்பித்தாள். ஆண்டவருக்குத் தெரிந்தது சரி. அம்மாவுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்து அன்றைக்கும் பன்னிரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை.

குற்றஞ்சாட்டப்பட்டவருக்கும் வாய்ப்புக் கொடுப்பது எங்கள் குடும்ப ஜெபத்தின் சிறப்பு. என் முறை வந்ததும் நானும் அதே வழியைப் பிடித்தேன். "ஆண்டவரே, அப்பாவுக்கு நல்ல சுகத்தைத் தாரும். டியூஷனுக்கு வெயில்ல நடந்து போற பிள்ளைகள நினைச்சருளும். ஒரு ஸ்கூட்டி வாங்க வழியத் திறந்தருளும்." ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அப்பாவின் பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அடுத்து அவர் முறை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கிறதக் கொண்டு திருப்தியா இருக்கிற மனச எங்க எல்லாருக்கும் தாரும், விசேஷமா பெரியவளுக்கு" என்று முடித்தார். இதற்கு ஆமென் சொல்லாமல் இருக்க முடியாது, பாட்டி பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியாக ஸ்கூட்டி வழக்கு மேல் நீதிமன்றத்திலேயே தள்ளுபடியாயிற்று.

தனியாக ஜெபிக்க வேண்டுமென்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும்படி இயேசுவே சொல்லியிருக்கிறார். அவர் கலிலேயாவில் சொன்னார். எங்கள் வீட்டில் ஒரு பதினேழு வயதுப் பிள்ளை அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் அரை நிமிஷத்தில் தட்டுவார்கள். "உள்ள என்ன பண்ணுத?" "ஜெபம் பண்ணுதேன்." "அதுக்கு எதுக்குக் கதவச் சாத்தணும்?" மத்தேயு ஆறாம் அதிகாரத்தைக் காட்டினேன். வசனமெல்லாம் நல்லாத்தான் பேசுத என்று சொல்லி அம்மா கதவுக்கு முட்டாக ஒரு முக்காலியைக் கொண்டுவந்து வைத்தாள். இப்போது அது சாத்துவதும் இல்லை, திறப்பதும் இல்லை.

வசனம் பேசுவதில் எனக்கு இன்னொரு தோல்வியும் உண்டு. லெந்து காலத்தில் எங்கள் வீட்டில் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. பொதுத் தேர்வும் அதே மாதங்களில் வரும். மூளைக்கு வேலை அதிகமாகவும் வயிற்றுக்கு வேலை குறைவாகவும் இருக்கிற காலம். போன வருஷம் காலண்டரை எடுத்து எண்ணினேன். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை 46 நாள் வருகிறது. லெந்து 40 நாள்தானே? ஐயரிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகள் கணக்கில் சேராது, ஒவ்வொரு ஞாயிறும் உயிர்த்தெழுதலின் நாள் என்று விளக்கினார். அவர் ஆராதனை முறையைப் பற்றிச் சொன்னார். என் காதில் விழுந்தது ஆறு ஞாயிற்றுக்கிழமை, ஆறு கிலோ கோழி.

ஓடிவந்து பாட்டியிடம் நிரூபித்தேன். பேனாவும் தாளும் வைத்து, கழித்தல் போட்டு, விடைக்குக் கீழே இரண்டு கோடு இழுத்து. பாட்டி முழுக்கக் கேட்டாள். "இந்த மூளை கணக்குப் பரீட்சைல எங்க போச்சி?" என்றாள். அன்றைக்குச் சாம்பாரில் முருங்கைக்காய் கொஞ்சம் அதிகமாகப் போட்டதுதான் என் ஆராய்ச்சிக்குக் கிடைத்த பலன்.

திடப்படுத்தல் கதையைச் சொல்லாமல் விட முடியாது. குழந்தையாக இருக்கும்போது ஞானஸ்நானம் கொடுத்துவிடுகிறார்கள், நம்மைக் கேட்பதில்லை. கொஞ்சம் வளர்ந்தபின், நானாகவே விசுவாசிக்கிறேன் என்று சபை முன்னால் சொல்ல வேண்டும். பேராயர் வந்து தலையில் கை வைத்து ஜெபிப்பார். அதற்குப் பிறகுதான் திருவிருந்து. நானாகவே சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று சில மாதம் வகுப்பு வைத்துப் பாடம் பண்ணவைத்தார்கள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், ஞானோபதேசக் கேள்வி பதில். கேள்வி மாறினால் பதில் வராது. எங்கள் குழுவில் ஒருவனை 'உன் பெயர் என்ன?' என்று கேட்டதற்கு மூன்றாம் கேள்வியின் பதிலை ஒப்பித்தான்.

பெண்பிள்ளைகள் வெள்ளைச் சேலை கட்ட வேண்டும். என் வாழ்க்கையில் முதல் சேலை. அம்மா, அத்தை, பக்கத்து வீட்டு அக்கா மூவரும் சேர்ந்து கட்டிவிட்டு, நம்பிக்கை இல்லாமல் இடத்துக்கு ஒரு ஊக்காகக் குத்தினார்கள். தலையில் முக்காடு, அதற்கும் ஊக்கு. பேராயர் முன்னால் முழங்கால் போட்டபோது இடுப்புப் பக்கம் ஒரு ஊக்கு திறந்துகொண்டது. பரிசுத்த ஆவியானவர் இறங்குகிற நேரத்தில் நான் சிந்தித்துக்கொண்டிருந்தது கொசுவத்தைப் பற்றி மட்டுமே. கண்ணில் நீர் வந்தது. பிள்ளை எவ்வளவு உருகிப்போயிருக்கிறாள் என்று பின்வரிசையில் அத்தைமார் பேசிக்கொண்டார்களாம். இன்றைக்கும் என் சாட்சி அந்த ஊக்கின் மேல்தான் நிற்கிறது; நான் மறுத்ததில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எழுந்து திரும்பி நடந்தபோது, இனிமேல் இதை என்னைக் கேட்காமல் யாரும் எனக்காகச் சொல்ல முடியாது என்று ஒரு நினைப்பு வந்தது. அது ஊக்கினால் வந்ததல்ல.

ஐயரும் எங்களோடு பேசத்தான் பார்க்கிறார். வாலிபர் கூட்டத்தில் கேள்விப் பெட்டி ஒன்று வைத்தார். பெயர் போடாமல் எதை வேண்டுமானாலும் எழுதிப் போடலாம். யாரோ ஒருவன், படத்தை முதல் நாள் பார்த்தால்தான் பாவமா, ஓடிடியில் வந்தபிறகு பார்த்தால் பரவாயில்லையா என்று எழுதியிருந்தான். இன்னொரு சீட்டில், நோவாவின் பேழையில் கரையான் ஜோடியை எங்கே வைத்திருந்தார்கள் என்றிருந்தது. அன்றைக்கு நிஜமாகவே கலகலப்பாக இருந்தது. என் சீட்டை எடுத்துப் படித்தவர், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார். கூட்டம் முடிந்து வெளியே வரும்போது என்னைக் கூப்பிட்டு, "நீ கேட்டதுக்கு ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியாதும்மா" என்றார். ஓய்வுநாள் பள்ளி வருகைப் பதிவேட்டை எழுதுவது நான்தான். கையெழுத்தை அவருக்குத் தெரியாதா?

நான் கேட்டது எதிர்வீட்டு மாமாவைப் பற்றி. டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் எங்கள் கோயிலில் தட்டில் வாக்குத்தத்த அட்டை வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். அந்த வருஷத்துக்கு அதுதான் நமக்கான வசனம். தம்பிக்குப் போன வருஷம் வந்தது சத்துருக்களைப் பற்றியது. ஜனவரி முழுக்க அவன் சத்துருவைத் தேடிக்கொண்டிருந்தான், கடைசியில் கணக்கு சார் என்று தீர்மானித்தான். மாமாவுக்கு வந்தது நீடித்த ஆயுள். ஈஸ்டருக்குள் படுக்கையில் விழுந்துவிட்டார். ஊரே சங்கிலி ஜெபம் வைத்தது. ஆளுக்கு அரை மணி நேரம், இரவும் பகலும் விடாமல். என் அரை மணியில் நான் கொட்டாவிகூட விடவில்லை. அவர் இறந்துபோனார்.

இதைத்தான் எழுதிப் போட்டிருந்தேன். பாட்டியிடமும் கேட்டேன். அவளிடம் எல்லாவற்றுக்கும் ஒரு வசனம் இருக்கும், அன்றைக்கு இல்லை. "அத நான் அங்க போயித்தான் கேக்கணும். நீ இப்போ இந்த ரசச் சட்டியத் தூக்கிட்டு வா, எதிர்வீட்டுல அடுப்பு எரியல" என்றாள். தூக்கிக்கொண்டு போனேன். அந்த அட்டை மாமியின் பைபிளுக்குள் இன்னமும் இருக்கிறது. கோபத்தில் வைத்திருக்கிறாளா நம்பிக்கையில் வைத்திருக்கிறாளா என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

எங்கள் ஊர் நம்பிக்கையின் இன்னொரு முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அறுப்பின் பண்டிகைக்கு வாருங்கள். தோட்டத்தில் விளைந்தது, வீட்டில் வளர்த்தது, எதையாவது கொண்டுவந்து படைக்க வேண்டும். ஆராதனை முடிந்து ஏலம். முருங்கைக்காய்க் கட்டு, உடன்குடிக் கருப்பட்டி, நாட்டுக்கோழி, பப்பாளி, யாரோ முதன்முதலாகச் செய்த கேக். மைக் பிடிப்பவர் கமிட்டி மாமா. சந்தையில் நாற்பது ரூபாய் தேங்காய் இங்கே நானூறுக்குப் போகும். காசு கோயிலுக்குத்தானே. ஆனால் ஒரு தரம், ரெண்டு தரம் என்று சத்தம் ஏறும்போது கோயிலை எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

அம்மா கொடுத்தது ஒரு பூசணிக்காய். அப்பாவின் மச்சான் முறைக்காரர் ஒருவர், எங்கள் அப்பாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே முந்நூறு என்றார். அப்பாவுக்கு அந்தச் சிரிப்புப் பிடிக்கவில்லை. நானூறு. அவர் ஐநூறு. அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினாள், தலையை ஆட்டினாள், கடைசியில் கையையே ஆட்டினாள். அது இன்னொரு கேள்வி விலை என்று நினைத்துக் கமிட்டி மாமா எழுநூறு என்று கூவிவிட்டார். எங்கள் வீட்டுக்கு எதிராக எங்கள் வீடே ஏலம் கேட்டது அன்றைக்குத்தான். முடிவில் 1,200 ரூபாய்க்கு அப்பா எங்கள் பூசணிக்காயை எங்களுக்கே வாங்கினார். வாங்கிய வேகத்தில், பெருமையாக, மறு ஏலத்துக்குத் திருப்பிக் கொடுத்தார். மச்சான் அதை இருநூற்றைம்பதுக்கு எடுத்து, சாயங்காலம் மகன் கையில் கொடுத்து எங்கள் வீட்டுக்கே அனுப்பிவைத்தார். "அத்தை, அப்பா கூட்டு வைக்கச் சொன்னாவ." பூசணிக்காய் கோயிலுக்குப் போய் வீடு திரும்ப எங்களுக்கு ஆன செலவு 1,200 ரூபாய். அன்றைய குடும்ப ஜெபத்தில் அம்மா ஆண்டவரிடம் நிறையப் பேசினாள்.

பாட்டி அந்த ஏலத்துக்கு வருவதில்லை. அவளுக்கு வேறொரு பழக்கம். சோற்றுக்கு அரிசி அளந்து போடும்போது அதிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை என்று இங்கே பல தலைமுறையாக இருக்கிறது. பானை நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். மைக் கிடையாது, ஒரு தரம் ரெண்டு தரம் கிடையாது. அரிசி கம்மியாக இருந்த வருஷங்களிலும் எடுத்தாயா என்று ஒரு தடவை கேட்டேன். "அப்போ கை சின்னதாப் போயிரும்" என்று சிரித்தாள். இயேசு காணிக்கைப் பெட்டிக்கு எதிரே உட்கார்ந்து ஏழை விதவையின் இரண்டு காசைப் பார்த்தாரே, அவர் எங்கள் ஊருக்கு வந்தால் ஏலக் கொட்டகையில் உட்காருவாரா எங்கள் அடுக்களையில் உட்காருவாரா என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஏலத்தின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார் என்பதிலும் சந்தேகம் இல்லை.

அசனத்தைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. பிரதிஷ்டைப் பண்டிகைக்கு ஊரே பந்தியில் உட்கார்ந்து ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் சாப்பிடும் நாள் அது. கிறிஸ்தவரா இல்லையா என்று இலையில் யாரும் கேட்பதில்லை. கோயில் பக்கம் வருஷம் முழுக்கத் தலைகாட்டாத என் பெரியப்பா மகன் அன்றைக்கு முதல் பந்தி. அவனுக்கு விசுவாசம் இல்லை என்று சொல்பவர்கள், அவன் அந்தக் குழம்பின் மேல் வைத்திருக்கும் விசுவாசத்தைப் பார்த்ததில்லை.

பரீட்சைக்கு முந்தின ஞாயிறு மாணவர்களுக்கு விசேஷ ஜெபம் நடக்கும். பேனாவையும் ஹால் டிக்கெட்டையும் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் போய் நிற்போம். மறுநாள் பள்ளியில் பார்த்தால், பக்கத்து பெஞ்சுத் தோழியின் நெற்றியில் திருச்செந்தூர் விபூதி. அவள் பேனாவும் முருகன் காலடியில் இருந்து வந்தது. காயல்பட்டினத்திலிருந்து வருகிறவளுக்கு அவள் உம்மா விடிய எழுந்து துஆ கேட்டிருக்கிறாள். மூவரும் கேட்டது ஒன்றே ஒன்று, வேதியியலில் சென்டம். பதிலை நாங்கள்தான் எழுத வேண்டும் என்பதில் மூன்று தரப்புக் கடவுளும் கடைசிவரை உறுதியாக இருந்தார்கள்.

இப்போது வாலிபர் ஞாயிறு வருகிறது. வெளியூரிலிருந்து பேச்சாளர் ஒருவர் வருவார். செல்போன், சினிமா, காதல் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுவார். யோசேப்பைக் குழியிலிருந்து எடுப்பார், தானியேலைச் சிங்கக் குகையிலிருந்து எடுப்பார். நேரம் இருந்தால் எலிசாவை 'மொட்டைத்தலை' என்று கேலி செய்த பிள்ளைகளில் 42 பேரை இரண்டு கரடிகள் கிழித்துப்போட்டதையும் சொல்லி, வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்ப்பார். இவ்வளவு வருஷத்தில் ஒருவர்கூட ஐத்திகுவைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

அப்போஸ்தலர் நடபடிகள் இருபதாம் அதிகாரத்தில் வருகிறான். துரோவா பட்டணம். பவுல் மறுநாள் புறப்பட வேண்டும், அதனால் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே இருக்கிறார். மேல்வீட்டில் விளக்குகள் நிறைய எரிகின்றன. ஜன்னலில் உட்கார்ந்திருக்கிற ஐத்திகு என்கிற வாலிபனுக்குக் கண்ணைச் சுழற்றுகிறது. பிரசங்கம் நீள நீளத் தூங்கிப்போய், மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுகிறான். தூக்கிப் பார்த்தால் உயிர் இல்லை. பவுல் இறங்கி வந்து அவனை அணைத்துக்கொள்கிறார், பிழைத்துவிடுகிறான். அப்புறம் பவுல் மேலே போய்ச் சாப்பிட்டுவிட்டு, விடிகிற வரைக்கும் பேசுகிறார். ஒரு ஆள் செத்துப் பிழைத்தும் பிரசங்கம் நிற்கவில்லை என்பதை எங்கள் ஊரில் யாரிடம் சொன்னாலும் ஆச்சரியப்பட மாட்டார்கள்.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது வேறு. அந்த அதிகாரத்தில் அவனை யாரும் திட்டவில்லை. சாத்தான் தூங்கவைத்தான் என்று இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்று இல்லை, அவன் அம்மாவைக் கூப்பிட்டுப் புகார் சொல்லவும் இல்லை. அவனும் வீட்டிலேயே தூங்கியிருக்கலாம். வந்தான், ஜன்னலில் இடம் பிடித்து உட்கார்ந்தான், முடிந்தவரை முழித்திருந்தான். அதற்குமேல் அவனைப் பற்றி ஒரு சாதனையும் எழுதியிருக்கவில்லை. ராஜாவாகவில்லை, கனவுக்கு அர்த்தம் சொல்லவில்லை, இராட்சதனைக் கல்லால் அடிக்கவில்லை. ஐத்திகு எங்கள் ஆள்.

ஆகையால், வரப்போகிற பேச்சாளருக்கு ஒரு விண்ணப்பம். இந்தத் தடவை அவனைப் பற்றிப் பேசுங்கள் ஐயா, இருபது நிமிஷத்துக்குள் முடித்துவிடுங்கள். எங்கள் கோயிலில் மாடி கிடையாது என்றாலும், ஜன்னல் பக்கம் உட்காருவது நாங்கள்தான்.